மூன்று சாலை, ஒரு நிமிடம்

கேரள-தமிழக எல்லைக் கிராமங்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவருக்கும் கூடப் போகும் உதவியாளருக்கும் உண்மையான சவால் வேகம் அல்ல. நோயாளியை எங்கே கொண்டு போவது என்பதுதான்.

நள்ளிரவு தாண்டி நெஞ்சு வலி என்று ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு ஒற்றசேகரமங்கலத்திலிருந்து கிளம்பும் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு முன்னால் மூன்று சாலைகள் இருக்கின்றன. ஒன்று காட்டாக்கடை வழியாகத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறது. இன்னொன்று நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கு. மூன்றாவது வெள்ளறடை, காரக்கோணம் பக்கம் திரும்பி, எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டின் குழித்துறை, மார்த்தாண்டம் என்று இறங்குகிறது.

எது என்று தீர்மானிக்க அவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். பின்னால் நோயாளியின் மனைவி அழுதுகொண்டிருப்பார். மகன் 'சேட்டா, சீக்கிரம்' என்று தோளைத் தட்டுவான். தமிழ்ப்பக்கத்திலிருந்து வந்த மைத்துனராக இருந்தால் 'அண்ணே, பெரிய ஆஸ்பத்திரிக்கே விடுங்க' என்பார். எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுவார்கள். இந்த நேரத்தில் எந்த ஆஸ்பத்திரியில் என்ன வசதி இருக்கிறது என்ற கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் டாக்டர் அல்ல, ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் காட்டாக்கடை தாலுகாவில், நெய்யாற்றின் கரையோரம் ரப்பர் தோட்டங்களுக்கும் மரச்சீனி வயல்களுக்கும் இடையே கிடக்கும் ஊர் ஒற்றசேகரமங்கலம். தலைநகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவு அதிகமில்லை. ஆனால் வளைந்து போகும் குறுகிய சாலையிலும், நெய்யாற்றின்கரை வழியே போனால் பாலராமபுரம் சந்திப்பின் பேர்போன நெரிசலிலும் 30 கி.மீ. என்பது வேறு கணக்கு.

கோடு கிழித்த பிறகு

1956 நவம்பர் 1ல் மாநிலங்கள் மொழிவாரியாக மாற்றியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கிவிட்டது. வரைபடத்தில் கோடு விழுந்ததே தவிர, மக்களின் பழக்கவழக்கத்தில் விழவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தொடர்ந்தன. பனச்சமூடு, களியக்காவிளை சந்தைகளில் இரு மாநிலத்தவரும் இன்றும் கலந்துதான் வாங்கி விற்கிறார்கள். வைத்தியமும் அப்படித்தான்.

இந்தப் பகுதிக்கு நவீன மருத்துவம் தெற்கிலிருந்துதான் வந்தது. நெய்யூரில் 1838ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய லண்டன் மிஷன் மருத்துவப் பணி, பின்னாளில் தென்திருவிதாங்கூர் முழுவதற்கும் புகலிடமாயிற்று. 1922, 1924 எவரெஸ்ட் முயற்சிகளில் பங்கேற்ற டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் பல ஆண்டுகள் அங்கே கத்தி பிடித்தார். எல்லையோரம் கேரளப் பக்கம் காரக்கோணத்தில் இருக்கும் சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

வண்டிகள் வருவதற்கு முன்பு நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தது தோளில். மூங்கில் கழியில் துணியைத் தொட்டில்போல் கட்டி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கி நடப்பார்கள். மலையாளத்தில் அதற்கு மஞ்சல் என்று பெயர். அகஸ்தியமலை அடிவாரத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில் ஜீப் வராத இடங்களுக்கு அது பழங்கதை அல்ல. 1958ல் நெய்யாறு அணை கட்டப்பட்டபின் அம்பூரிக்கு அக்கரையில் இருந்த குடியிருப்புகள் பல்லாண்டுகள் கும்பிச்சல் கடவுப் படகை நம்பியே இருந்தன. முதலில் தோள், பிறகு படகு, பிறகு ஜீப், கடைசியில்தான் ஆம்புலன்ஸ்.

இதே அம்பூரியில் 2001 நவம்பர் 9 இரவு மலை சரிந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். மழையும் சேறும் இருட்டும் சூழ்ந்த அந்த இரவு, மலையடிவாரக் கிராமங்களில் அவசர வண்டி என்பது எவ்வளவு பெரிய தேவை என்பதைக் காட்டியது. அப்போது '108' என்ற எண்ணே இந்தியாவில் இல்லை.

இரண்டு 108

அந்த எண் 2005 ஆகஸ்ட் 15ல் ஹைதராபாத்தில் பிறந்தது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. கேரளத்தில் 2010ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் மட்டும் 25 வண்டிகளுடன் சோதனையாகத் தொடங்கி, 2019 செப்டம்பரில் 'கனிவு' என்ற பெயரில் 315 வண்டிகளுடன் மாநிலம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் இன்று 1,300க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன.

எண் ஒன்றுதான். ஆனால் கட்டுப்பாட்டு அறைகள் இரண்டு. எல்லையோரத்தில் செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போக வாய்ப்பு உண்டு. பேசுபவர் மலையாளத்தில் இடம் சொல்ல, எதிர்முனை சென்னையாக இருக்கலாம். ஊர்ப் பெயரை விளங்க வைப்பதிலேயே சில நிமிடங்கள் போய்விடும்.

இதனால் எல்லைக் கிராமங்கள் இன்னொரு ஏற்பாட்டையும் கையில் வைத்திருக்கின்றன. அது உள்ளூர் ஆம்புலன்ஸ். கேரளத்தில் கட்சிகள், இளைஞர் மன்றங்கள், சர்ச்சுகள், பள்ளிவாசல்கள், கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் ஆம்புலன்ஸ் விடுகின்றன. தனியார் வண்டிகள் வேறு. 108 வராத வேலைகள் இவர்களிடம்தான் வருகின்றன: டிஸ்சார்ஜ் ஆனவரை வீடு சேர்ப்பது, டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்த் திரும்புவது, இறந்தவரைக் கொண்டுவருவது. தமிழ்நாட்டில் சடலத்தை எடுத்துச் செல்ல 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. மாநிலம் தாண்ட வேண்டும் என்றால் பெரும்பாலும் தனியார் வண்டியைத்தான் தேட வேண்டும்.

தனியார் வண்டி என்றால் நெடுங்காலம் மாருதி ஆம்னிதான். 2019ல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை கேரளச் சாலைகளில் சைரன் ஒலித்தவற்றில் பல அவைதான். குறுகிய மலைச்சாலையில் நுழையும், விலை குறைவு, ஊரில் எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். ஆனால் கூரை தாழ்வு. உள்ளே ஒருவர் நிமிர்ந்து முழங்காலிட்டு நோயாளியின் மார்பை அழுத்துவதற்கு இடம் இல்லை. பல வண்டிகளில் அழுத்துவதற்கு ஆளும் இல்லை. டிரைவர் ஒருவரே டிரைவர், ஸ்டிரெச்சர் தூக்குபவர், ஆக்ஸிஜன் திறப்பவர், ஆஸ்பத்திரி வாசலில் வீல்சேர் தேடுபவர்.

வேகம் என்ற மாயை

ஆம்புலன்ஸ் டிரைவர் செய்தியாவது இரண்டே சமயங்களில். ஒன்று, அவர் பறக்கும்போது. 2017 நவம்பரில் ஒரு மாதக் குழந்தை ஒன்றைக் கண்ணூர் மாவட்டம் பரியாரத்திலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு, 500 கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்தை, 7 மணி நேரத்துக்குள் கடந்து கொண்டு சேர்த்தார் ஒரு டிரைவர். வழிநெடுகப் போலீஸும் மக்களும் சாலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கேரளம் கொண்டாடியது.

மற்றது, அவர் மோதும்போது. 2019 ஜூன் 9ல் நெல்லியாம்பதியில் விபத்தில் அடிபட்டவர்களை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், பாலக்காடு அருகே தண்ணிசேரியில் லாரியுடன் மோதியதில் 8 பேர் இறந்தார்கள். முதல் விபத்தில் பிழைத்தவர்களை இரண்டாவது விபத்து கொண்டுபோயிற்று.

இந்த இரண்டுக்கும் நடுவே, 2019 ஏப்ரல் 16ல் நடந்த மூன்றாவது நிகழ்ச்சிதான் பாடம் சொல்கிறது. இதய நோயுள்ள 15 நாள் குழந்தையுடன் ஓர் ஆம்புலன்ஸ் மங்களூரிலிருந்து கிளம்பியது. இலக்கு, 600 கி.மீ.க்கு அப்பால் திருவனந்தபுரம். அப்போதைய சுகாதார அமைச்சர் கே.கே. சைலஜா தலையிட்டு, கொச்சியில் அமிர்தா மருத்துவமனையிலேயே சிகிச்சைக்கு ஏற்பாடு செய்தார். வண்டி சுமார் 400 கி.மீ.யை ஐந்தரை மணி நேரத்தில் கடந்து அங்கே நின்றது. செய்திகள் வேகத்தைப் பாராட்டின. ஆனால் குழந்தைக்கு அன்று மிச்சமான 200 கி.மீ. ஆக்ஸிலரேட்டரால் மிச்சமானது அல்ல. இலக்கை மாற்றிய ஒரு முடிவால் மிச்சமானது.

ஒற்றசேகரமங்கலத்து டிரைவரும் தினமும் அதே கணக்கைத்தான் போடுகிறார். அவருக்குப் போன் செய்து வழிமாற்ற அமைச்சர் இல்லை, அவ்வளவுதான்.

கணக்கு நோய்க்கு நோய் மாறும். பக்கவாதம் என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குமுன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத பக்கத்து ஆஸ்பத்திரி, பக்கம் அல்ல, தாமதம். மாறாக மூச்சுத் திணறல், பெரும் ரத்தப்போக்கு, பிரசவச் சிக்கல் என்றால் முதலில் எட்டும் ஆஸ்பத்திரியில் நிறுத்தி உயிரை நிலைப்படுத்துவதே புத்திசாலித்தனம். மலையடிவாரத்தில் பாம்புக்கடி வேறு விதம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும்தான் இந்திய விஷமுறிவு மருந்து. கேரளக் காடுகளிலும் ரப்பர் தோட்டங்களிலும் உள்ள கூர்மூக்கன் குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அந்தக் கடிக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் டயாலிசிஸ் வசதி தேவைப்படலாம். கடித்தது எது என்ற கேள்வி, எந்த ஊருக்குப் போவது என்ற கேள்வியாகிவிடுகிறது.

மாரடைப்பில் இந்தக் கணக்கை முறைப்படுத்திப் பார்த்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இதயச் சிகிச்சை மையங்களோடு இணைத்து, 108 வண்டிகளையும் பயன்படுத்தி, யாரை எங்கே எப்போது அனுப்புவது என்று முன்கூட்டியே வகுத்தார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017ல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்திருந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. வழி மட்டும் ஒழுங்கு செய்யப்பட்டது.

பின்சீட்டில் இருப்பவர்

108 வண்டியில் டிரைவருக்குப் 'பைலட்' என்று பெயர். பின்னால் இருப்பவர் அவசர மருத்துவ உதவியாளர். தமிழ்நாட்டு ஆள்சேர்ப்பு அறிவிப்புகளின்படி நர்சிங் படித்தவர்களும் உயிரியல் சார்ந்த பட்டதாரிகளும் உதவியாளராகலாம். தேர்வானவர்களுக்கு சுமார் 50 நாள் பயிற்சி. டிரைவருக்குப் பத்தாம் வகுப்பு, சில ஆண்டு ஓட்டிய அனுபவம், 10 நாள் பயிற்சி. இருவருக்கும் 12 மணி நேர ஷிப்ட், எந்த மாவட்டத்திலும் வேலை. சமீப ஆண்டு அறிவிப்புகளில் மாதச் சம்பளம் சுமார் 15,000 ரூபாயிலிருந்து 22,000 ரூபாய்க்குள்.

இந்தச் சம்பளத்துக்கு உதவியாளர் செய்வது என்ன? ஓடும் வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ரத்தநாளம் தேடுகிறார். ஆக்ஸிஜனைக் கணக்கிடுகிறார். சுமார் 1,500 லிட்டர் கொள்ளும் பி-டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் திறந்தால் இரண்டரை மணி நேரத்தில் காலி. மருத்துவக் கல்லூரி வாசலில் ஸ்டிரெச்சருக்காகக் காத்திருக்கும் அரை மணியையும் அதில் சேர்க்க வேண்டும். வளைவில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் முதுகெலும்பு முறிந்தவருக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர் அவர்தான். ஆகவே பல சமயம் 'மெதுவா, சேட்டா' என்று முன்னால் குரல் கொடுக்க வேண்டியவரும் அவரே. உறவினர்கள் அந்த நேரத்தில் அவரை எதிரியாகப் பார்ப்பார்கள்.

அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் ஒரு கசப்பான விலை கொடுத்தது. 2020 செப்டம்பரில், கோவிட் சிகிச்சைக்காக இரவில் அழைத்துச் செல்லப்பட்ட ஓர் இளம் பெண்ணை ஆறன்முளையில் ஆம்புலன்ஸ் டிரைவரே பாலியல் பலாத்காரம் செய்தார். வண்டியில் மருத்துவ உதவியாளர் இல்லை. 2025ல் நீதிமன்றம் டிரைவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. நோயாளியின் உயிருக்கு மட்டுமல்ல, மானத்துக்கும் அந்தப் பின்சீட்டு காவல் என்பது அன்று தெரிந்தது.

சுமப்பவரின் பெயர் மறைந்துபோவது புதிதல்ல. 1899ல் தென்னாப்பிரிக்கப் போயர் போரின்போது காந்தி அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் அணியில் சுமார் 1,100 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் நேட்டால் தோட்டங்களின் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள் நிறைந்த கூட்டம் அது. காயம்பட்டவர்களை ஸ்டிரெச்சரில் சுமந்து சில நாட்கள் 20, 25 மைல் நடந்தார்கள். போர்ப் பதக்கம் அணியின் தலைவர்களுக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில்கூட, பயிற்சி பெற்ற உதவியாளர் வண்டியிலேயே சிகிச்சையைத் தொடங்கும் முறையை வளர்த்த முன்னோடிகளில் ஒன்று, 1967ல் பிட்ஸ்பர்க் நகரின் கறுப்பின இளைஞர்களைக் கொண்டு உருவான 'ஃப்ரீடம் ஹவுஸ்' சேவை. அதற்கு முன் அந்த நகரில் நோயாளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது போலீஸ் வேன். சேவை 1975ல் மூடப்பட்டது. அதன் பயிற்சி முறை உலகம் முழுவதும் பரவியது.

இந்தியாவில் இந்தத் தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் 2021ல்தான் கிடைத்தது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவப் பணியாளரையும் ஒரு தொழில்முறைப் பிரிவாகப் பட்டியலிட்டது. காகிதத்தில் வந்த மதிப்பு சம்பளப் பட்டியலுக்கு வரத் தாமதமாகிறது. 2024ல் கேரள 108 ஊழியர்கள் சம்பளம் தாமதமானதற்காகவே போராட வேண்டியிருந்தது.

வாசலில் நிற்கும் எல்லை

எல்லை தாண்டிய பிறகு இன்னொரு சுவர் எழுகிறது: கார்டு. கேரளக் குடும்பத்திடம் இருப்பது காருண்யா காப்பீட்டு அட்டை. தமிழ்நாட்டுக் குடும்பத்திடம் இருப்பது முதல்வரின் காப்பீட்டு அட்டை. எந்த அட்டை எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்பது டிரைவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். தவறான வாசலில் இறக்கினால் நோயாளி பிழைப்பார், குடும்பம் கடனில் விழும். விபத்து என்றால் ஓர் ஆறுதல் உண்டு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், அந்த மாநில எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை ஏற்கிறது.

அடிபட்டவர் இறந்துவிட்டாலோ வேறு சிக்கல். விபத்து ஒரு மாநிலத்தில், மரணம் இன்னொன்றில். எந்த ஸ்டேஷன் வழக்குப் பதிவது, எங்கே பிரேதப் பரிசோதனை என்ற இழுபறியில் டிரைவரும் சாட்சியாக நிற்பார். 2024 ஜூலை 1ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எல்லை பார்க்காமல் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைத் துன்புறுத்தக் கூடாது என்பதை 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உறுதி செய்தது. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் என்றதும் அதே திருத்தம்தான்.

எல்லைகள் உண்மையிலேயே மூடப்பட்டால் என்ன நடக்கும் என்பதை 2020 காட்டியது. கோவிட் ஊரடங்கின்போது கர்நாடகம் தலப்பாடியில் சாலையை அடைத்தது. மங்களூர் ஆஸ்பத்திரிகளையே நம்பியிருந்த காசர்கோடு நோயாளிகளின் ஆம்புலன்ஸ்கள் திருப்பி அனுப்பப்பட்டன. சிலர் வழியிலேயே இறந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 1ல் தடையை அகற்ற ஏற்பாடு செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், நோயாளிகளை அனுமதிக்க இரு மாநிலங்களும் வழிமுறை வகுத்துக்கொண்டன. தென்கோடியிலும் அதே காலத்தில் சோதனைச் சாவடிகள் இறுகின. ஒற்றசேகரமங்கலம் போன்ற ஊர்களில் மூன்று சாலைகள் இரண்டாயின.

கட்டணத்தில் கேரளம் ஒரு நல்ல காரியம் செய்தது. 2024ல் ஆம்புலன்ஸ்களுக்குக் கட்டண வரையறை கொண்டுவந்தது. தீவிர சிகிச்சை வசதியுள்ள வண்டிக்குக் குறைந்தபட்சம் 2,500 ரூபாய், அதற்குமேல் கி.மீ.க்கு 50 ரூபாய். ஏ.சி. இல்லாத சிறிய வண்டிக்கு 600 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 20. காத்திருக்கும் முதல் ஒரு மணி நேரம் இலவசம். புற்றுநோயாளிகளுக்கும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சலுகை. டிரைவருக்குச் சீருடையும் அடையாள அட்டையும் கட்டாயம். இனி பேரம் பேசுவதில் நேரம் போகாது.

ஆனால் எங்கே போவது என்பதற்கு யாரும் வரையறை தரவில்லை. அதற்கு ஆகும் செலவோ அதிகம் இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் இப்போது ஸ்கேன் ஓடுகிறது, எங்கே வென்டிலேட்டர் காலி, எங்கே விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதை எல்லையின் இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் ஒரு தொலைபேசி எண் போதும். தனியார் வண்டியாக இருந்தாலும் பின்னால் பயிற்சி பெற்ற ஓர் ஆள் கட்டாயம் என்ற விதி போதும். இரண்டு அரசுகளும் ஒரே மேஜையில் ஒரு நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

அதுவரை அந்த ஒரு நிமிடம் டிரைவருடையது. போன வாரம் போன வழி, அதற்கு முந்தின மாதம் திருப்பி அனுப்பிய ஆஸ்பத்திரி, பகலில் டீக்கடையில் இன்னொரு டிரைவர் சொன்ன தகவல். இவைதான் அவரிடம் உள்ள வழிகாட்டி. சரியாகத் திரும்பினால் நோயாளியின் வீட்டார் டாக்டருக்கு நன்றி சொல்வார்கள். தவறாகத் திரும்பினால் அவரைத் தேடி வருவார்கள்.